எச்சமும் அடையும்: ஆங்கில வினையடையைப் பெயரடையினின்றும் வினையினின்றும் பிரித்தறியத் தமிழ் இலக்கணம் தரும் சோதனைகள்

ஆய்வுச் சுருக்கம்

ஆங்கிலத் தொடரில் வரும் ஒரு சொல் வினையடையா, பெயரடையா, வினையா என்று பிரித்தறிவது தமிழ்வழியில் பயின்று வரும் மாணவர்க்கு இடர் தருவதாக உள்ளது. 'லி' என்னும் ஈற்றைக் கொண்டு வினையடையை அடையாளங்காணும் வகுப்பறை வழக்கு பல இடங்களில் பிழைபடுகிறது. எச்சங்களை அவற்றை முடிக்குஞ் சொல்லைக் கொண்டு வகைப்படுத்தும் தமிழ் இலக்கண மரபு, இதனினும் உறுதியான சோதனையைத் தரவல்லது. அச்சோதனை தடுமாறும் இடங்களில் 'ஆக' ஈற்றை 'ஆன' ஈறாக மாற்றிப் பார்த்தலும், செயப்படுபொருள் ஏற்குமா எனப் பார்த்தலும் துணைசெய்கின்றன. இம்மூன்று சோதனைகளையும் உத்திரமேரூர்க் கல்வெட்டுச் செய்திகளை ஆங்கிலத்தில் எடுத்துரைக்கும் தொடர்களைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: வினையடை, பெயரடை, பெயரெச்சம், வினையெச்சம், உரிச்சொல், உத்திரமேரூர், ஆங்கிலம் கற்பித்தல்.

1. முன்னுரை

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் வைகுண்டப்பெருமாள் கோயில் சுவரில் உள்ள முதலாம் பராந்தக சோழனின் கல்வெட்டுகள் உலகறிந்தவை. அவனது 12, 14ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்த அவை முறையே கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளுக்கு உரியன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டமை, தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு எடுத்தமை, சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் முதலியன அமைந்தமை ஆகியவற்றை அவை கூறுகின்றன. முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது போனவரும் அவர்தம் உறவினரும் குடவோலைக்குத் தகுதியற்றவர் என்பது அவற்றுள் காணப்பெறும் விதிகளுள் ஒன்று.

இவ்வூர் மாணவர் தம் ஊரின் கல்வெட்டைப் பிறமொழியினர்க்கு ஆங்கிலத்தில் எடுத்துரைக்க முற்படுங்கால் சொல்வகைத் தெளிவின் இன்றியமையாமை வெளிப்படுகிறது. வாரியத்தார் கடுமையாக உழைத்தனர் எனக் கூற விரும்பும் மாணவர், வினையடைக்கு 'லி' ஈறு வேண்டும் என்று கற்றதைக் கொண்டு 'தே ஹார்ட்லி வொர்க்ட்' என எழுதினால், வாரியத்தார் பெரும்பாலும் உழைக்கவேயில்லை என்னும் பொருள் பிறக்கும். கணக்கு 'லேட்' ஆகக் காட்டப்பட்டது என்றால் காலந்தாழ்ந்தது என்று பொருள்; 'லேட்லி' காட்டப்பட்டது என்றால் அண்மையில் காட்டப்பட்டது என்று பொருள். கணக்குக் காட்டாமையே தகுதியிழப்புக்குக் காரணமாகும் ஓர் அமைப்பைப் பற்றிப் பேசும்போது இவ்விரண்டும் ஒன்றாகா. ஈற்றைக் கண்டு சொல்வகையைத் துணிவது ஏன் பிழைபடுகிறது, அதற்கு மாற்றாக நம் இலக்கண மரபு எதை வழங்குகிறது என்பனவே இக்கட்டுரையின் வினாக்கள்.

ஆங்கிலச் சொற்களும் தொடர்களும் இங்கு ஒலிபெயர்ப்பாக ஒற்றை மேற்கோட்குறிக்குள் தரப்படுகின்றன. 'ஹார்ட்' என வருமிடமெல்லாம் கடினம் என்னும் பொருளுடைய சொல்லையே குறிக்கும்.

2. தமிழ் இலக்கண மரபில் அடைகள்

தொல்காப்பியம் சொற்களைப் பெயர், வினை, இடை, உரி என நான்காகப் பகுக்கிறது. பெயரடை, வினையடை என்னும் தனிப் பகுப்புகள் அதில் இல்லை. இதனால் அடைபற்றிய சிந்தனையே மரபில் இல்லை எனக் கருதுதல் பொருந்தாது. அச்சிந்தனை எச்சம், உரிச்சொல் என்னும் இரு தலைப்புகளின் கீழ் அமைந்துள்ளது.

பெயரைக் கொண்டு முடிவது பெயரெச்சம். வினையைக் கொண்டு முடிவது வினையெச்சம். வினையெச்ச வாய்பாடுகளைத் தொல்காப்பியம் ஒன்பதாகவும் நன்னூல் பன்னிரண்டாகவும் கூறினும், எச்சத்தின் வகையை அதன் முடிக்குஞ் சொல்லே உறுதிசெய்கிறது என்பதில் இருநூல்களும் ஒன்றுபடுகின்றன. 'நல்ல', 'மெல்ல' என்னும் இரு சொற்களையும் நோக்குக. இரண்டும் ஒரே ஒலியமைப்பில் முடிகின்றன. எனினும் 'நல்ல மாணவன்' என்பதில் முன்னது குறிப்புப் பெயரெச்சம். 'மெல்ல நடந்தான்' என்பதில் பின்னது குறிப்பு வினையெச்சம். ஈற்றை மட்டும் நோக்குவோர் இவ்விரண்டையும் பிரித்தறிய இயலாது.

உரிச்சொல் பெயரோடும் வினையோடும் இயையும் என்பது தொல்காப்பியத்திற்கும் நன்னூலுக்கும் உடன்பாடு. மிகுதிப்பொருள் தரும் உறு, தவ, நனி போன்றவை இத்தகையன. ஒரே வடிவம் இருவகைச் சொற்களையும் சிறப்பிக்கக்கூடும் என்னும் கருத்து மரபுக்குப் புதிதன்று.

1856இல் வெளிவந்த தம் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல், திராவிட மொழிகளில் வினையடை எனத் தனிச்சொல் இல்லை என்றும், அவ்வாறு வழங்குவன பெயரோ, வினையடியோ, வினையின் எச்ச வடிவமோ ஆகும் என்றும் கருத்துரைத்தார். தற்கால மொழியியலார் இதனினின்றும் வேறுபடுவர். தாமஸ் லேமன் 1989இல் வெளியிட்ட தற்காலத் தமிழ் இலக்கணம் வினையடையைத் தனிச் சொல்வகையாகக் கொள்கிறது. 1992இல் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியும் பெயரடை, வினையடை ஆகியவற்றைத் தனித்தனிக் குறியீட்டால் சுட்டுகிறது. இக்காலத் தமிழில் 'ஆன', 'ஆக' என்னும் ஈறுகள் பெருவழக்காகிவிட்டமை இப்பகுப்பிற்கு வலுச்சேர்க்கிறது: அழகான, அழகாக, விரைவான, விரைவாக.

3. ஒரே வேர், இரு வேறு வரலாறு

'ஆன', 'ஆக' ஆகிய இரண்டும் 'ஆகு' என்னும் ஒரே வினையினின்றும் பிறந்தவை. 'ஆன' அதன் பெயரெச்ச வடிவம். 'ஆக' அதன் 'செய' வாய்பாட்டு வினையெச்ச வடிவம். வேர் ஒன்றாயினும் தமிழ் இவ்விரு வடிவங்களையும் கலவாது காத்துவருகிறது.

ஆங்கிலத்திலும் ஏறத்தாழ இவ்வாறே ஒருகாலத்தில் இருந்தது. பழைய ஆங்கிலத்தில் உடல், வடிவம் எனப் பொருள்படும் ஒரு சொல்லினின்றும் தோன்றிய 'லீச்' என்னும் ஈறு பெயரடைகளை ஆக்கியது. அதன் இறுதியில் 'எ' என்னும் உயிர் சேர்ந்த 'லீச்செ' என்னும் வடிவம் வினையடைகளை ஆக்கியது. பின்னர் ஈற்றுயிர் தேய்ந்து மறைய, இரண்டும் 'லி' என்னும் ஒரே ஈறாயின. 'ஃப்ரெண்ட்லி' பெயரடையாகவும் 'க்விக்லி' வினையடையாகவும் இன்று நிற்பதன் காரணம் இதுவே.

'ஹார்ட்', 'ஃபாஸ்ட்' முதலிய சொற்களின் நிலையும் இத்தகையது. பழைய ஆங்கிலத்தில் இவை பெயரடையாக வருங்கால் ஈறின்றியும், வினையடையாக வருங்கால் இறுதியில் 'எ' பெற்றும் நின்றன. அவ்வுயிர் மறைந்தபின் இரண்டும் ஒருவடிவின ஆயின. 'ஹார்ட்' என்னும் வினையடைக்கு 'லி' சேர்க்க மறந்துவிட்டனர் என எண்ணுதல் தவறு. அதற்குரிய ஈறு வேறாக இருந்து தேய்ந்தது. ஆகவே 'லி' ஈறு வினையடையின் இலக்கணம் ஆகாது. வினையடைகள் பலவற்றில் காணப்பெறும் ஓர் அடையாளம் மட்டுமே.

4. முதற் சோதனை: முடிக்குஞ் சொல்

ஆங்கிலச் சொல்லின் ஈற்றை விடுத்து, 'இச்சொல் எதனைக் கொண்டு முடிகிறது?' என வினவுதல் முதற் சோதனை. பெயரைக் கொண்டு முடியின் பெயரடை. வினையையோ, பெயரடையையோ, மற்றொரு வினையடையையோ கொண்டு முடியின் வினையடை. பின்வரும் இணைகளில் இது தெளிவாகும்.

(1) 'தி இயர்லி கமிட்டி' – ஆண்டு வாரியம்.
(2) 'மெம்பர்ஸ் வேர் சோசன் இயர்லி' – உறுப்பினர் ஆண்டுதோறும் தெரிவுசெய்யப்பட்டனர்.

ஒன்றில் 'இயர்லி' கமிட்டி என்னும் பெயரைக் கொண்டு முடிதலின் பெயரடை. மற்றொன்றில் தெரிவுசெய்தலாகிய வினையைக் கொண்டு முடிதலின் வினையடை. வடிவம் சிறிதும் மாறவில்லை. 'டெய்லி', 'எர்லி' என்பனவும் இவ்வாறு இருநிலையும் பெறும்.

(3) 'ஹார்ட் வொர்க்' – கடின உழைப்பு.
(4) 'தே வொர்க் ஹார்ட்' – அவர்கள் கடுமையாக உழைக்கின்றனர்.

இங்கு அடையோடு முடிக்குஞ் சொல்லும் வடிவு மாறாமல் நிற்கிறது. முன்னதில் 'வொர்க்' பெயர், பின்னதில் வினை. ஆதலின் அடையின் வகையைத் துணியுமுன் முடிக்குஞ் சொல்லின் வகையைத் துணிதல் வேண்டும்.

'லி' ஈற்றுப் பெயரடைகளை அறிய ஒரு துணைவிதியும் உண்டு. 'லி' பெயரோடு சேர்ந்தால் விளைவது பெரும்பாலும் பெயரடை: 'ஃப்ரெண்ட்லி', 'காஸ்ட்லி', 'ஆர்டர்லி', 'டைம்லி'. பெயரடையோடு சேர்ந்தால் விளைவது பெரும்பாலும் வினையடை: 'ஸ்லோலி', 'கிளியர்லி', 'ஆனஸ்ட்லி'. நட்பாகப் பேசினான் என்பதற்கு 'ஸ்போக் ஃப்ரெண்ட்லி' என எழுதுதல் ஏற்புடையதன்று. 'இன் எ ஃப்ரெண்ட்லி வே' என விரித்தல் வழக்கு. 'எல்டர்லி', 'சிக்லி' போன்றவை பெயரடையோடு 'லி' சேர்ந்தும் பெயரடையாகவே நிற்றலின் இவ்விதிக்குப் புறனடை.

ஈறில்லாத வினையடைக்கு 'லி' சேர்க்குங்கால் பொருள் திரியும் சொற்கள் சிலவே. 'ஹார்ட்' கடுமையாக, 'ஹார்ட்லி' அரிதாக. 'லேட்' காலந்தாழ்ந்து, 'லேட்லி' அண்மையில். 'நியர்' அருகில், 'நியர்லி' ஏறக்குறைய. 'ஹை' உயரத்தில், 'ஹைலி' மிகவும். இவற்றைத் தொகுத்துக் கற்பித்தல் நலம்.

5. வினையினின்றும் பிரித்தறிதல்: செயப்படுபொருட் சோதனை

வினையடைக்கும் வினைக்கும் இடையிலான மயக்கம் பெரும்பாலும் 'இங்', 'எட்' ஈற்றுச் சொற்களில் எழுகிறது.

(5) 'ரன்னிங் வாட்டர்' – ஓடும் நீர்.
(6) 'தி வாட்டர் இஸ் ரன்னிங்' – நீர் ஓடிக்கொண்டிருக்கிறது.
(7) 'தி பாய் கேம் ரன்னிங்' – சிறுவன் ஓடி வந்தான்.

தமிழில் இவை முறையே பெயரெச்சம், வினைமுற்று, வினையெச்சம். மூன்றுக்கும் மூன்று வடிவங்கள் உள. ஆங்கிலத்தில் வடிவம் ஒன்றே. தமிழ்த் தொடராக மாற்றி எச்சவகையை அறிந்தால் ஆங்கிலச் சொல்லின் தொழிற்பாடு புலனாகும்.

'எலெக்டட்' என்பது இதனினும் நுண்ணியது. 'தி எலெக்டட் மெம்பர்ஸ் மெட்' என்பதில் அது தேர்ந்தெடுக்கப்பட்ட என்னும் பெயரெச்சப் பொருளது. 'தி அசெம்பிளி எலெக்டட் மெம்பர்ஸ்' என்பதில் தேர்ந்தெடுத்தது என்னும் முற்று. 'எலெக்டட் மெம்பர்ஸ்' என்னும் சொற்றொடர் இரண்டிலும் மாறாது நிற்றலின், எழுவாயும் பயனிலையும் எவை என முதலில் வரையறுத்தாலன்றித் தெளிவு பிறவாது.

எடுத்துக்காட்டு (7)இல் 'ரன்னிங்' வந்தமையின் தன்மையை உணர்த்துதலால் தொழிற்பாட்டில் வினையடை போன்றது. எனினும் சொல்வகையால் அது வினையே. தொழிற்பாடும் சொல்வகையும் வேறு வேறு என்பதை மாணவர் உணர்தல் வேண்டும். இவ்விரண்டையும் பிரிக்கச் செயப்படுபொருட் சோதனை பயன்படும். வினையடி, எச்சமாகியபோதும் தன் செயப்படுபொருளை ஏற்கும். தூய வினையடை ஏற்காது. 'கேரியிங் எ பாட்' – குடத்தைச் சுமந்து – என்பதில் 'கேரியிங்' பொருளை ஏற்றலின் வினை. 'ஸ்லோலி' எவ்வகைப் பொருளையும் ஏற்காது. தமிழில் 'மெல்ல' என்பதும் அவ்வாறே.

தமிழிலேயே இச்சோதனையைச் செய்து காட்டலாம். 'அவர் தொடர்ந்து பேசினார்' என்பதில் 'தொடர்ந்து' இடைவிடாமல் என்னும் பொருளில் உறைந்த வினையடை, ஆங்கிலத்தில் 'கன்டினியுவஸ்லி'. 'அவரைத் தொடர்ந்து சென்றான்' என்பதில் இரண்டாம் வேற்றுமைப் பொருளை ஏற்று நிற்றலின் வினைத்தன்மை எஞ்சியுள்ளது. ஆங்கிலத்தில் 'ஃபாலோயிங் ஹிம்'. ஒரே வடிவத்திற்கு ஆங்கிலத்தில் இருவேறு பெயர்ப்புகள் வேண்டப்படுவதன் காரணம் இதனால் விளங்கும். செயப்படுபொருள் குன்றிய வினைகளுக்கு இச்சோதனை நேரடியாகப் பயன்படாது. அங்கு எச்சவகையே துணை.

6. மூன்றாம் சோதனை: 'ஆக' – 'ஆன' மாற்று

முடிக்குஞ் சொற்சோதனை தமிழ் மாணவரைக் கைவிடும் ஓர் இடம் உண்டு. 'அவர் கோபமாக இருந்தார்', 'அவர் கோபமாகப் பார்த்தார்' என்னும் இரு தொடர்களிலும் 'கோபமாக' வினையைக் கொண்டே முடிகிறது. ஆங்கிலத்திலோ முன்னது 'ஹி வாஸ் ஆங்க்ரி' எனப் பெயரடையும், பின்னது 'ஹி லுக்ட் ஆங்க்ரிலி அட் தெம்' என வினையடையும் பெறும். தமிழின் 'ஆக' ஈறு இரண்டு பணிகளை ஆற்றுதலின், அதனை எப்போதும் 'லி' எனப் பெயர்க்கும் மாணவர் 'தி டேங்க் லுக்ஸ் ஃபுல்லி', 'தி வாட்டர் ஸ்மெல்ஸ் பேட்லி' என எழுத நேர்கிறது. ஏரி நிறைந்து தோன்றுகிறது, நீர் கெட்ட நாற்றம் வீசுகிறது என்பனவே அவர்தம் கருத்து.

'பி', 'லுக்', 'ஸ்மெல்', 'சீம்' முதலிய இணைப்பு வினைகளின் பட்டியலை மனப்பாடம் செய்வித்தல் வழக்கமான தீர்வு. ஆனால் 'லுக்' என்பதே ஒருகால் தோன்றுதலையும் ஒருகால் நோக்குதலையும் குறித்தலின் பட்டியல் போதாது. அதற்கு மாற்றாகப் பின்வரும் சோதனையை முன்வைக்கலாம்.

'ஆக' ஈற்றை 'ஆன' ஈறாக மாற்றுக. அப்பண்பு தொடரிலுள்ள ஆள் அல்லது பொருளைக் குறிக்கும் பெயரோடு பொருள் மாறாமல் சேருமாயின் ஆங்கிலத்தில் பெயரடை வேண்டும். செயலைக் குறிக்கும் தொழிற்பெயரோடு மட்டும் சேருமாயின் வினையடை வேண்டும்.

(8) பாடகி அழகாக இருக்கிறார் → அழகான பாடகி: 'பியூட்டிஃபுல்'.
(9) பாடகி அழகாகப் பாடினார் → அழகான பாட்டு: 'பியூட்டிஃபுல்லி'.
(10) உழவர் சோர்வாகத் திரும்பினார் → சோர்வான உழவர்: 'ரிட்டர்ன்ட் டயர்ட்'.
(11) கால்வாயைத் தூய்மையாக வைத்தனர் → தூய்மையான கால்வாய்: 'கெப்ட் தி சேனல் க்ளீன்'.

எடுத்துக்காட்டு (9)இல் 'அழகான பாடகி' எனக் கூறினால் தொடரின் கருத்துச் சிதையும். அழகு பாட்டினுடையது, பாடியவருடையது அன்று. (10), (11) ஆகியவை கருதத்தக்கன. திரும்புதல், வைத்தல் ஆகியவை இணைப்பு வினைப் பட்டியலில் பெரும்பாலும் இடம்பெறா. எனினும் பண்பு முன்னதில் எழுவாய்க்கும் பின்னதில் செயப்படுபொருளுக்கும் உரியதாதலின் ஆங்கிலம் பெயரடையையே வேண்டுகிறது. பட்டியல் தவறவிடும் இடத்தையும் இச்சோதனை காட்டிவிடுகிறது.

'நன்றாக' என்பதற்கு 'குட்', 'வெல்' என இரு பெயர்ப்புகள் அமைவதும் இவ்வாறே விளங்கும். 'உணவு நன்றாக இருக்கிறது' என்பது நல்ல உணவு என மாறும், ஆகவே 'குட்'. 'அவள் நன்றாக எழுதுகிறாள்' என்பது நல்ல எழுத்து என மாறும், ஆகவே 'வெல்'. உடல்நலம் குறிக்குமிடத்து 'வெல்' தானே பெயரடையாக வருதல் தனித்து அறியத்தக்கது.

7. சோதனைகளின் எல்லைகள்

பண்பு ஆளுக்கும் செயலுக்கும் ஒருங்கே உரியதாகும் இடங்கள் உள. 'அவர் அமைதியாக அமர்ந்திருந்தார்' என்பதை 'சாட் க்வைட்', 'சாட் க்வைட்லி' என இருவகையாலும் பெயர்க்கலாம். இங்குச் சோதனை இருவிடை தருதல் அதன் குறையன்று. மொழியே இருவழியையும் திறந்து வைத்துள்ளது.

'வெரி', 'ஆல்மோஸ்ட்' போன்ற அளவு வினையடைகளும், 'நவ்', 'சூன்' போன்ற கால வினையடைகளும் 'ஆன' மாற்றத்திற்கு இடந்தாரா. இவற்றுக்கு முதற் சோதனையே போதும். 'மிக நல்ல', 'மிக மெல்ல' என்பவற்றில் 'மிக' இயைவது போலவே 'வெரி' பெயரடையோடும் வினையடையோடும் இயைகிறது.

முழுத் தொடரையும் தழுவும் வினையடைகள் வேறொரு வகை. 'ஹி ஸ்போக் ஆனஸ்ட்லி' என்பது அவர் நேர்மையாகப் பேசினார் எனப் பொருள்படும். 'ஆனஸ்ட்லி, ஹி ஸ்போக்' என்பதில் நேர்மை சொல்வோனுடையது. உண்மையைச் சொன்னால் அவர் பேசினார் என்பது கருத்து. ராண்டால்ஃப் குவர்க்கும் உடனாசிரியர்களும் 1985இல் வெளியிட்ட ஆங்கிலப் பேரிலக்கணம் இத்தகையவற்றை வினையைத் தழுவுவனவற்றினின்றும் வேறுபடுத்தித் தனிவகையாக்குகிறது. இங்கு முடிக்குஞ் சொல் ஒரு வினையன்று, ஒரு கூற்று முழுவதுமாகும்.

எதிர்மறையில் இருமொழியும் முற்றிலும் வேறுபடுகின்றன. 'நாட்' என்பதை ஆங்கில மரபிலக்கணம் வினையடையுள் அடக்கும். தமிழின் 'இல்லை' குறிப்பு வினைமுற்று. ஈண்டு ஒப்பீடு உதவாது. வேறுபாட்டையே கற்பித்தல் வேண்டும்.

8. வகுப்பறைப் பயன்பாடு

இச்சோதனைகளைப் பின்வரும் வரிசையில் கையாளலாம்: முதலில் எழுவாய், பயனிலைகளை வரையறுத்தல், அடுத்து ஐயத்திற்குரிய சொல்லின் முடிக்குஞ் சொல்லைக் காணல், 'இங்', 'எட்' ஈற்றுச் சொல்லாயின் செயப்படுபொருள் ஏற்குமா எனப் பார்த்தல், தமிழ்ப் பெயர்ப்பில் 'ஆக' வருமாயின் 'ஆன' மாற்றுச் செய்தல்.

'தி ஏரி கமிட்டி கெப்ட் தி டேங்க் டீப் அண்ட் சப்மிட்டட் இட்ஸ் அக்கவுண்ட்ஸ் ப்ராம்ப்ட்லி' என்னும் தொடரைப் பயிற்சிக்குக் கொள்ளலாம். ஏரி வாரியம் ஏரியை ஆழமாக வைத்திருந்து, கணக்கை உடனுக்குடன் காட்டியது என்பது பொருள். 'கெப்ட்', 'சப்மிட்டட்' இரண்டும் பொருளேற்று நிற்கும் முற்றுவினைகள். 'ஆழமாக' என்பது ஆழமான ஏரி என மாறுதலின் 'டீப்' பெயரடை. உடனுக்குடன் என்பது காட்டுதலைக் கொண்டு முடிதலின் 'ப்ராம்ப்ட்லி' வினையடை. தமிழில் ஒத்து நிற்கும் அடைகள் ஆங்கிலத்தில் ஏன் பிரிகின்றன என்பதை ஒரே தொடரில் காட்டிவிட இயலும்.

9. முடிவுரை

இக்கட்டுரையால் பெறப்படுவன:

'லி' ஈறு பெயரடை, வினையடை ஆகிய இரண்டுக்கும் உரிய பழைய ஈறுகள் ஒன்றுபட்டதன் விளைவு. ஆதலின் அதனைக் கொண்டு சொல்வகையைத் துணிதல் கூடாது.

முடிக்குஞ் சொல்லைக் கொண்டு எச்சத்தை வகைப்படுத்தும் தமிழ் மரபு ஆங்கில அடைகளுக்கும் பொருந்துகிறது.

வினையெச்சமும் வினையடையும் தொழிற்பாட்டில் ஒத்து, சொல்வகையில் வேறுபடுவன. செயப்படுபொருள் ஏற்றல் இவற்றைப் பிரிக்கிறது.

தமிழின் 'ஆக' ஈறு ஆங்கிலத்தின் பெயரடை, வினையடை இரண்டுக்கும் நிகராக வருகிறது. 'ஆன' மாற்று இவற்றுள் எது வேண்டப்படுகிறது என்பதைக் காட்டுகிறது.

எச்சவியலைக் கற்ற மாணவரிடம் ஆங்கில வினையடையை அறிவதற்கான கருவி முன்னரே உள்ளது. தமிழ் வகுப்பில் கற்ற அதனை ஆங்கில வகுப்பில் எடுத்தாள இடந்தருதல் ஆசிரியர் கடன். ஆங்கிலத் துறையும் தமிழ்த் துறையும் கூடி எச்சங்களை ஒரே கால அட்டவணையில் கற்பிக்குமாயின் இப்பயன் எளிதில் கைகூடும்.